கோணல் லேபிள்

என் அன்பு மகள், எங்கள் வீட்டு மேஸ்திரிக்கு,

உன் அப்பன் தன் கையாலேயே எழுதிக்கொள்வது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க வேண்டுமாம். நான் அரை நலம். உன் மகள் கொசு முக்கால் நலம். மொத்தம் எவ்வளவு என்று நீயே கூட்டிக்கொள், கணக்கில் நீதானே கெட்டிக்காரி.

எழுத்து கோணலாக இருக்கிறதே என்று சிரிக்காதே. ஐந்தாம் வகுப்புப் பாதியில் பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. நான் அதை விடவில்லை, அதுதான் என்னை விட்டது. இதையெல்லாம் போனில் சொல்லலாம்தான். ஆனால் போனைக் கையில் எடுத்தால் என் வாய் சும்மா இருக்காது. ஏதாவது கிண்டல் செய்வேன், நீ "வேலை இருக்குப்பா" என்று வைத்துவிடுவாய். ஒன்றரை வருடமாக நாம் அப்படித்தானே பேசிக்கொண்டிருக்கிறோம். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் அது அங்கேயேதான் கிடக்கும். கிழிப்பதாக இருந்தால் கடைசிவரை படித்துவிட்டுக் கிழி. உள்ளே நான்காக மடித்து ஒரு தாள் வைத்திருக்கிறேன். அதை மட்டும் கிழித்துவிடாதே.

வீட்டுச் செய்தி முதலில். கீழ்வரிசையில் காவல் காத்துக்கொண்டிருந்த ஒற்றைப் பல்லும் போன வாரம் விழுந்துவிட்டது. கொசு அதைக் கையில் வாங்கி, குழாயில் கழுவி, திரும்ப என் வாயில் வைக்க வந்தாள். எதையும் எடுத்த இடத்தில் வைக்க வேண்டும் என்று நான்தானே பழக்கினேன், அவள் மேல் என்ன தப்பு. பக்கத்து வீட்டுத் தையல்காரி உன்னைக் கேட்டாள். ஓட்டல் லாண்டரியில் அவ்வளவு துணியையும் இஸ்திரி போட்டுக் கை வெந்துபோகாதா என்றாள். இஸ்திரிப் பெட்டியைவிட என் மகள் சூடு, பெட்டிதான் வெந்திருக்கும் என்று சொல்லி வைத்தேன். மாடிப்படி ஏறும்போது மட்டும் நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்து கூடவே வருகிறார்கள். யார் என்று இன்னும் கேட்கவில்லை.

இனி கொசு. ஒன்பது வயது முடிந்துவிட்டது. தையல்காரி இன்னும் ஆறு வயது அளவில்தான் அவளுக்குச் சட்டை தைக்கிறாள். போன செவ்வாய்க்கிழமை ஷூ கயிறு கட்டக் கற்றுக்கொண்டாள். தெரு முழுக்கப் போய்க் காட்டிவிட்டு வந்தாள். புதன்கிழமை காலையில் அதே ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு, இதைப் பார்த்ததே இல்லை என்பதுபோல என்னைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை கயிறு கட்டும் வித்தை தானாகத் திரும்பி வந்தது. ஞாயிற்றுக்கிழமை மறுபடி போய்விட்டது. ஐந்தும் மூன்றும் எட்டு என்பதும் இப்படித்தான் வாடகைக்கு வந்தவன் மாதிரி வந்து வந்து போகிறது.

வகுப்பில் பிறத்தியார் பென்சிலை எடுத்துப் பையில் போட்டுக்கொள்கிறாள். கேட்டால் தன்னுடையது என்கிறாள், கண்ணைப் பார்த்துச் சொல்கிறாள். நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விடுகிறாள். வாத்தியாரம்மா கெட்டவள் இல்லை. ஆனால் நாற்பது பிள்ளைகளை மேய்க்கிறவள். போன மாதம் என்னைக் கூப்பிட்டு, "தாத்தா, இவ சொன்ன பேச்சு கேக்கவே மாட்டேங்கறா, வேணும்னே செய்யறா" என்றாள். எங்கள் வம்சத்தில் சொன்ன பேச்சைக் கேட்டவர்கள் யாரும் இல்லை டீச்சர் என்று நான் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

இனிமேல் எழுதுவதை உட்கார்ந்துகொண்டு படி.

என் கிண்டல் உனக்குத் தெரியும். நீ பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவள். கிண்டலைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளக் கொசுவுக்கு வராது. அது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தும் வாயைக் கட்ட முடியவில்லை. நாற்பது வருடமாகக் கிண்டலோடு குடித்தனம் செய்த வாய். கொஞ்ச நாளாக அவள் அப்பா எங்கே, அப்பா எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒரே நாளில் முப்பது தடவை. நாங்கள் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தோம். ஒன்பதாம் நம்பர் பஸ் வந்தது. ஓட்டுகிறவனுக்குப் பெரிய மீசை. நான், "அதோ, அவன்தான் உங்கப்பன், மீசையப் பாரு" என்றேன். அவள் சிரிக்கவில்லை, ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அதை அப்போதே மறந்துவிட்டேன். ஷூ கயிறை மறக்கிறவள் அதை மறக்கவில்லை.

மறுநாள் அதே நிறுத்தத்துப் பக்கத்துக் கடையில் சோப்பு வாங்கத் திரும்பி நின்றேன். திரும்பிப் பார்த்தால் கொசு இல்லை. பஸ் போய்விட்டது.

நான்கு மணி நேரம். நான் எங்கெல்லாம் ஓடினேன் என்று எழுதப் போவதில்லை. எழுபத்து நாலு வயதில் ஓடினால் அதற்கு ஓட்டம் என்று பெயரும் இல்லை. சாயங்காலம் அந்த டிரைவரே வேலை முடிந்து அவளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தான். அவளுடைய ஷூவை அவன் கையில் பிடித்திருந்தான், ஏனென்றால் பஸ்ஸிலேயே ஒன்றுக்குப் போய்ச் சட்டை, ஷூ எல்லாம் நனைத்துவிட்டாள். பஸ் கிளம்பியதிலிருந்து அவன் பின்னாலேயே நின்றுகொண்டு, அப்பா வீட்டுக்கு வருகிறேன், துணி எடுத்துவர மறந்துவிட்டேன், பரவாயில்லையா என்று கேட்டிருக்கிறாள். டிப்போவில் அவன் வண்டியை ஒப்படைக்கப் போன நேரத்தில் வேறு எவனோ ஒருவன் மிட்டாய் காட்டிக் கூப்பிட, அவனோடு டிப்போ வாசல் வரைக்கும் நடந்துவிட்டாள். காவலாளி பார்த்துச் சத்தம் போட்டதால் அவன் ஓடிவிட்டான். யார் கூப்பிட்டாலும் இவள் போவாள், மேஸ்திரி. இன்றைக்கு ஒன்பது வயது. பதினாலு வயதிலும் போவாள்.

டிரைவர் வாசலில் நின்று என்னிடம், "பெரியவரே, எனக்கும் பொண்ணு இருக்கு. விளையாட்டுக்குச் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணாமா" என்றான். அவன் கையிலிருந்த ஷூவை வாங்கிக்கொண்டேன்.

செய்தி பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது. இந்த மாதம் இருபதாம் தேதி கூட்டம் போடுகிறார்கள். வாத்தியாரம்மா ஒளிக்காமல் சொன்னாள். இவளுக்கு இருப்பது என்ன கோளாறு என்று ஆஸ்பத்திரியிலிருந்து பெயர் போட்டு ஒரு சான்றிதழ் வந்தால், வகுப்பில் இவள் பக்கத்தில் உட்கார ஒரு உதவியாளர் கொடுப்பார்களாம், தண்டனை கிடையாதாம், சத்தமில்லாத மூலையில் ஒரு மேசையாம். சான்றிதழ் இல்லாவிட்டால், அடங்காத பிள்ளை, வீட்டில் பார்க்க ஆள் இல்லாத பிள்ளை என்று எழுதி விடுதிக்கு அனுப்பிவிடுவார்கள். நான் அந்த விடுதியைப் போய்ப் பார்த்தேன். ஒரே கூடத்தில் அறுபது கட்டில். மணி அடித்தால் எழ வேண்டும், மணி அடித்தால் சாப்பிட வேண்டும். இவள் மணிச் சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியில் போவாள், அவர்கள் இழுத்து அடிப்பார்கள். அவ்வளவுதான் நடக்கும்.

இதோடு நிறுத்திவிட்டுக் கொசுவுக்குச் சோறு போட்டுவிட்டு வந்தேன். மறுபடி எழுதுகிறேன். மை வேறு நிறமாக இருந்தால் பேனா மாறியிருக்கிறது, ஆள் அதே ஆள்தான்.

சான்றிதழுக்காக அந்த டாக்டரம்மாவிடம் அவளைக் கூட்டிப் போனேன். நீயும் நானும் ஒன்றரை வருடம் முன்னால் இவளைக் காட்டப் போன அதே அறை. எடை பார்க்கும் மிஷின் அதே இடத்தில், அதே ஓட்டை நாற்காலி. அன்றைக்கு அந்த அம்மா உன்னை ஒரு கேள்வி கேட்டாள், இவள் வயிற்றில் இருக்கும்போது குடித்தீர்களா என்று. நீ "இல்லை" என்ற கட்டத்தில் டிக் போட்டாய். தாள் கிழியும் அளவுக்கு அழுத்திப் போட்டதை நான் பார்த்தேன். நான் பக்கத்தில் உட்கார்ந்து சுவரில் இருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தேன். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அடுத்த மாதம் நீ தூரத்து ஊரில் லாண்டரி வேலை என்று கிளம்பினாய். இந்த ஊரில் இல்லாத இஸ்திரிப் பெட்டியா அங்கே இருக்கிறது என்று கிண்டல் செய்து வழியனுப்பினேன். நீ ஏன் போனாய் என்று எனக்குத் தெரியும். கொசுவின் முகத்தைப் பார்க்க முடியாமல் போனாய்.

டாக்டரம்மா கொசுவைச் சோதித்தாள். அளவு நாடாவால் தலையைச் சுற்றி அளந்தாள். கண்ணின் நீளத்தைச் சின்ன ஸ்கேல் வைத்து அளந்தாள். அவளுடைய மேலுதட்டைப் பார்த்தாள். உனக்கு ஞாபகம் இருக்கும், அவள் பிறந்த அன்றைக்கு வார்டு முழுக்கப் போய், பாருங்கள் என் பேத்தி, கோடு இழுத்த மாதிரி என் மேலுதடு அப்படியே வந்திருக்கிறது என்று பெருமையடித்தேன். ஒன்பது வருடமாக அதைத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். டாக்டரம்மாவிடமும் சொன்னேன், இது எங்கள் குடும்ப உதடு அம்மா என்று. அவள் என் முகத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "இல்ல பெரியவரே, உங்க மூக்குக்குக் கீழ பள்ளம் நல்லாவே இருக்கு. மேல் பல்லு எல்லாம் எப்பவோ போனதால உதடு உள்ள மடிஞ்சிருக்கு, அவ்வளவுதான். இவளுக்கு அந்தப் பள்ளமே சரியா விழல. இது பரம்பரையா வந்தது இல்ல" என்றாள்.

தாய் குடித்த குடி வயிற்றுப் பிள்ளைக்குச் செய்யும் கோளாறாம், அதன் அடையாளம் முகத்தில் அரைகுறையாக இருக்கிறதாம். முழுசாக இருந்தால் யார் வாக்குமூலமும் தேவையில்லை. அரைகுறையாக இருப்பதால், வயிற்றில் இருந்தபோது குடி இருந்ததா என்று தெரிந்தவர் யாராவது சொன்னால்தான் எழுத முடியும் என்றாள். தாய்தான் சொல்ல வேண்டும் என்பதில்லை, பக்கத்தில் இருந்து பார்த்தவர் சொன்னாலும் போதும் என்றாள்.

அப்படியானால் ஒன்றரை வருடம் முன்னாலேயே நான் சொல்லியிருக்கலாம். காலண்டர் படித்தேன்.

இந்தத் தடவை சொன்னேன். டாக்டரம்மா, என்னிடமிருந்து வந்ததுதான், நான் நினைத்த வழியில் வரவில்லை, அவ்வளவுதான் என்றேன்.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் நாம் இதை வாய்விட்டுப் பேசியதே இல்லை, அதனால் எழுதுகிறேன். பீர் ஆலையில் முப்பத்தொரு வருடம் எனக்கு ஒரே வேலை. வெள்ளை விளக்குக்கு முன்னால் உட்கார்ந்து, வரிசையாக ஓடுகிற பாட்டில்களைப் பார்ப்பது. உள்ளே தூசி, பூச்சி, கண்ணாடிச் சில்லு இருந்தால் எடுத்து ஒதுக்குவது. இருபது நிமிடத்துக்கு மேல் ஒருவனை அங்கே உட்கார விட மாட்டார்கள், கண் ஏமாற்றிவிடும் என்று. லேபிள் கோணலாக ஒட்டிய பாட்டில் விற்பனைக்குப் போகாது. உள்ளே இருப்பது நல்ல சரக்குதான். அது சனிக்கிழமை சாயங்காலம் எங்களுக்குப் பங்கு. ஆலைக் குடியிருப்பில் எந்த வீட்டிலும் அதைச் சாராயம் என்று நினைத்ததில்லை. பார்லியை ஊறவைத்து எடுப்பதுதானே, கஞ்சி என்றுதான் சொல்வோம். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும் என்று கொடுப்பார்கள். வெயிலில் இருந்து வந்தவனுக்கு அரை டம்ளர். நானும் அப்படித்தான் நினைத்தேன். நினைத்தேன் என்று எழுதுவதால் ஒன்றும் குறையாது, தெரியும்.

உனக்கு மூன்றாம் மாதம். கொசுவின் அப்பன் உன்னை விட்டுவிட்டுப் போனான். நீ சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாய். சோறு இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. உன் அம்மா இருந்திருந்தால் வேறு ஏதாவது தோன்றியிருக்கும். எனக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான். டம்ளரில் ஊற்றிக்கொண்டு வந்து உன் முன்னால் வைத்து, "ரெண்டு பேருக்கும் சேத்து ஊத்தியிருக்கேன், உள்ள இருக்கறவளுக்கு ஒரு பங்கு வெச்சிரு" என்றேன். நீ சிரித்தாய். பத்து நாளைக்கு அப்புறம் முதல் தடவையாகச் சிரித்தாய். அந்தச் சிரிப்பில் நான் விழுந்துவிட்டேன், அம்மாடி. தினமும் அதையே சொன்னேன். தினமும் ஊற்றினேன். ஒரு டம்ளர், பிறகு ஒரு பாட்டில், கடைசி மாதங்களில் இரண்டு.

நீ வேண்டாம் என்ற நாட்களும் உண்டு. அதை நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. "நெஞ்சு எரியுதுப்பா, இன்னிக்கு வேணாம்" என்றாய். கஞ்சி குடிக்க மேஸ்திரிக்கு என்ன வெட்கம், நம்ம ஆலைக்காரி பாலைக் கேட்கிறாள் பாருங்கள் என்று வருகிறவன் போகிறவனிடம் எல்லாம் உன்னைக் கேலி செய்தேன். என் கேலிக்குப் பயந்துதான் நீ அந்த நாட்களில் குடித்தாய். சோதனைக்குப் போன இடத்தில் நர்ஸ் குடிப்பழக்கம் உண்டா என்று உன்னைக் கேட்டபோது, எங்கள் வீட்டில் தண்ணீருக்கே பஞ்சம் என்று நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன். அவளும் சிரித்துவிட்டு எழுதிக்கொண்டாள். முப்பத்தொரு வருடம் பாட்டிலுக்குள் தூசி தேடியவன் நான்.

டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எந்த மாதத்திலிருந்து, எத்தனை பாட்டில் என்று கேட்டாள். எனக்குத் தேதி தெரியாது, சனிக்கிழமைகளை எண்ணித்தான் சொன்னேன். இருபத்தாறு சனிக்கிழமை. எழுதிக்கொண்டாள். தீருமா என்று கேட்டேன். தீராது என்றாள். வளர்ந்தால் சரியாகிவிடுமா என்று கேட்டேன். "அவ மாறமாட்டா, அவளைச் சுத்தி இருக்கறவங்கதான் மாறணும். அவ மாட்டேன்னு சொல்லல பெரியவரே, அவளால முடியல. இது ரெண்டுக்கும் வித்தியாசம் தெரிஞ்ச ஆளு கூட இருந்தா அவ பிழைச்சுக்குவா" என்றாள்.

அதனால் நான் மாறிக்கொண்டிருக்கிறேன். சிரிக்காதே. ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் சொல்ல வேண்டும். ஷூவைப் போட்டு, பையை எடுத்து, கதவைச் சாத்து என்று மூன்றைச் சேர்த்துச் சொன்னால் மூன்றும் கீழே கொட்டிவிடும். கத்தக் கூடாது. தினமும் எல்லாம் ஒரே வரிசையில் நடக்க வேண்டும். தையல்காரி அட்டைப் பெட்டியை வெட்டிச் சதுரம் சதுரமாகக் கொடுத்தாள். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு படம் வரைந்தேன், குளியல், சாப்பாடு, பள்ளிக்கூடம், தூக்கம். பல் துலக்கும் பிரஷ் வரைந்ததைப் பார்த்து, எலி பிடிக்கும் நேரம் எது என்று தையல்காரி கேட்டாள். சமையலறைச் சுவரில் ஏழு நாளைக்கு ஏழு வரிசை ஆணி அடித்து மாட்டியிருக்கிறேன். கொசு காலையில் வந்து அட்டையைப் பார்க்கிறாள், செய்கிறாள், கழற்றிப் பெட்டியில் போடுகிறாள். அழுகை பாதியாகக் குறைந்திருக்கிறது. கிண்டலை மட்டும் முழுசாக நிறுத்திவிட்டேன். இந்தக் கடிதம் அவள் தூங்கும்போது தப்பித்து வந்தது.

இப்போது அந்தத் தாளைப் பிரி. பழைய காகிதத்தில் நீ "இல்லை" என்று போட்டது அவர்கள் கோப்பில் இருக்கிறது. நான் "ஆமாம்" என்கிறேன். இரண்டும் முட்டினால் கூட்டத்தில் என் பேச்சு எடுபடாதாம், கிழவன் உளறுகிறான் என்பார்கள். அதனால் நீ புதிதாக ஒரு டிக் போட வேண்டும், ஒரு கையெழுத்துப் போட வேண்டும். பதினெட்டாம் தேதிக்குள் இங்கே வந்து சேர வேண்டும். தபால்தலை ஒட்டிய உறையும் உள்ளே இருக்கிறது, நாக்கில் ஈரம் இருந்தால் போதும்.

அந்தத் தாளில் உன்னைத்தான் எல்லாக் கேள்வியும் கேட்கிறார்கள். எப்போது குடித்தாய், எவ்வளவு குடித்தாய் என்று. ஊற்றிக் கொடுத்தது யார் என்று ஒரு கட்டம் இருக்கும் என்று இரண்டு பக்கமும் தேடினேன். இல்லை. ஓரத்தில் கொஞ்சம் வெள்ளை இடம் இருந்தது. அதில் எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். உன் கையெழுத்தை அதற்குக் கீழே போடு, மேலே போடாதே. படிக்கிறவன் என் பெயரை முதலில் படிக்கட்டும்.

இன்னும் ஒன்று. இதுதான் எழுதக் கஷ்டமாக இருக்கிறது.

கொசு தனக்கு ஒரு அம்மா அட்டை வேண்டும் என்று கேட்டாள். இஸ்திரிப் பெட்டியோடு உன்னை வரைந்து கொடுத்தேன். பெட்டிதான் நன்றாக வந்திருக்கிறது. அம்மா எப்போது வருவாள் என்றாள். என் பழைய வாய், நாளைக்கு என்று சொல்லிவிட்டது. அவள் மறுநாள் குளித்து, ஷூ போட்டு, அட்டையை அன்றைய ஆணியில் மாட்டிவிட்டு வாசலில் போய் நின்றாள். சாயங்காலம் வந்து, இன்னும் நாளை ஆகவில்லையா என்று கேட்டாள். பதினாறு நாள் நின்றாள், மேஸ்திரி. நான் சொன்னது பொய் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை, நாள்தான் தப்பாக வருகிறது என்று நினைத்துக்கொண்டாள். பதினேழாம் நாள் அட்டையைக் கழற்றி என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். எங்கே என்று கேட்டாள். தாத்தாவிடம் இருக்கிறது என்றேன். அது பொய் இல்லை, அதனால் ஒத்துக்கொண்டாள்.

அதனால் நீ பதில் எழுதும்போது சீக்கிரம் வருகிறேன், முடிந்தால் வருகிறேன் என்று எழுதாதே. அவளுக்குச் சீக்கிரம் தெரியாது. கிழமை தெரியும். வருவதாக இருந்தால் ஒரு கிழமை எழுது, அந்த வரிசையில் மாட்டுகிறேன். வருவதாக இல்லை என்றால் அதையும் எழுதிவிடு. நான் கோபித்துக்கொள்ள மாட்டேன், அந்த உரிமையை நானே டம்ளரில் ஊற்றிக் குடித்துவிட்டேன். அட்டை என் பையிலேயே இருக்கும், நான் இருக்கிற வரைக்கும்.

கையெழுத்தை மட்டும் எப்படியும் போட்டு அனுப்பிவிடு, தாயே. நல்லபடியாக இரு. வேளாவேளைக்குச் சாப்பிடு. தூக்கம் வராவிட்டால் வராமல் கிடக்கட்டும், தண்ணீர் குடி. என் ஆசீர்வாதம் உனக்கு எந்த அளவுக்கு உதவும் என்று எனக்குத் தெரியவில்லை, இருந்தாலும் அனுப்புகிறேன், வைத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் தலைமேல் கை வைக்கத் தகுதி இல்லாவிட்டாலும் வைக்கிற
உன் அப்பன்

பின்குறிப்பு: கொசு எழுந்துவிட்டாள். இந்தக் காகிதத்தைப் பார்த்து அம்மாவுக்கா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். இன்றைக்கு அவளுக்கு ஷூ கயிறு கட்ட வருகிறது. அதை உனக்கு எழுதச் சொன்னாள். நாளைக்கு மறந்துவிடுவாள், அதனால் இன்றைக்கே எழுதிவிட்டேன்.